எங்கள் வீட்டுக் கூரைக்கு மேலால் போகும் கம்பி



போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்த நேரம், எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஒருவர் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்: “சேர், ஒங்கட வீட்டுக்கு மேலால ஒரு கம்பி போகுதே, அது என்ன? ஆக்கள் ஒவ்வொரு மாதிரி கதைக்கிறாங்க.”

அவர் நல்ல மனிதர். மற்றவர்கள் முதுகுக்குப் பின்னால் கேட்டதை முகத்துக்கு நேரே கேட்டார். பள்ளிவாசல் படியில் நின்று இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கக் கூடிய விஷயம் இல்லை என்பதால், “வீட்ட வாங்க, காட்டுறன்” என்றேன். அவர் வந்தார். அதைக் கடைசியில் சொல்கிறேன். மற்றவர்களுக்கும் இங்கே எழுதிவிடுகிறேன். நீளமான பதிவு, பொறுமை இல்லாதவர்கள் கடைசிப் பந்தியை மட்டும் வாசித்தாலும் போதும்.

அது ஒரு அன்டெனா. அமெச்சூர் ரேடியோ அன்டெனா. ஹாம் ரேடியோ என்றும் சொல்வார்கள். பரீட்சை எழுதி, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் அனுமதிப்பத்திரம் எடுத்து, எனக்கென்று கொடுக்கப்பட்ட அழைப்புக்குறியோடு பேசுகிறேன். இலங்கை ஆட்களின் அழைப்புக்குறி 4 எஸ் என்று தொடங்கும். உலகத்தில் எங்கே கேட்டாலும் இது இலங்கைக் குரல் என்று தெரிந்துவிடும். ஊரில் வயதானவர்களுக்கு லைசன்ஸ் என்றால் சிரிப்பு வரும். ஒரு காலத்தில் வீட்டில் பாட்டுக் கேட்கிற ரேடியோவுக்கே தபால் கந்தோரில் லைசன்ஸ் எடுக்க வேண்டியிருந்தது.

இந்தப் பைத்தியம் எனக்கு எப்படிப் பிடித்தது என்று கேட்பவர்களுக்கு ஒரே ஒரு பதில்தான் இருக்கிறது. 2004 டிசம்பர் 26. பாடசாலை விடுமுறை. நான் அக்குறணையில் ராத்தாவின் வீட்டில் இருந்தேன். உம்மாவும் வாப்பாவும் மருதமுனையில், கடலுக்குக் கிட்ட, தறிக் கொட்டிலோடு சேர்ந்த வீட்டில். காலை பத்து மணிக்குப் பிறகு டீவியில் செய்தி வரத் தொடங்கியது. கல்முனைப் பக்கத்து நம்பர்கள் ஒன்றும் வேலை செய்யவில்லை. ராத்தாவின் வீட்டு ஃபோனில் அன்று எத்தனை தடவை டயல் பண்ணினேன் என்று தெரியாது, விரல் நுனி சிவந்துபோனது மட்டும் ஞாபகம். மஹியங்கனை, அம்பாறை வழியாக லொறியிலும் பஸ்ஸிலும் நடையிலும் மூன்றாம் நாள்தான் ஊருக்கு வந்தேன். அம்பாறை ரோட்டுப் பக்கம் ஒரு பாடசாலையில் உம்மாவும் வாப்பாவும் உயிரோடு இருந்தார்கள், அல்ஹம்துலில்லாஹ். மாமியும் அவவின் இரண்டு பிள்ளைகளும் இல்லை. தறியும் இல்லை.

அந்த மூன்று நாளும் உயிரா மையித்தா என்று தெரியாமல் இருந்த இருப்பை இன்றைக்கும் என்னால் யாருக்கும் விளங்கப்படுத்த முடியாது. பிறகு ஒருநாள் பேப்பரில் வாசித்தேன். அதே நாட்களில் ஹம்பாந்தோட்டைக்குச் சிற்றலைக் கருவியைத் தூக்கிக்கொண்டு போன அமெச்சூர் ரேடியோக்காரர்கள், அங்கேயிருந்து கொழும்பில் பிரதமரின் கட்டுப்பாட்டு மையத்தோடு பேசியிருக்கிறார்கள். ஃபோன் கோபுரம் தேவையில்லை, எக்ஸ்சேஞ்ச் தேவையில்லை. ஒரு கார் பற்றரி, ஒரு பெட்டி, ஒரு கம்பி. அந்தமானிலும் அப்படித்தான். பாரதி பிரசாத் என்கிற இந்தியப் பெண்மணி ஹாம் ரேடியோ பரிசோதனைக்காக ஒரு குழுவோடு போர்ட் பிளேயருக்குப் போயிருந்த நேரம் கடல் வந்தது. பொழுதுபோக்குக்காகக் கொண்டுபோன கருவிகளை வைத்தே தீவுகளின் செய்தியை வெளியே அனுப்பினார்கள்.

“எங்களுக்கும் கல்முனையில் அப்படி ஒருவர் இருந்திருந்தால்” என்று நினைத்தேன். கொஞ்ச வருடம் கழித்து, அந்த ஒருவராக நாமே ஏன் இருக்கக் கூடாது என்று நினைத்தேன். ஆனால் நினைப்புக்கும் செய்கைக்கும் நடுவில் பதினைந்து வருடம் போய்விட்டது. கல்யாணம், வீட்டுக் கடன், பிள்ளைகள். வாத்தியாரின் சம்பளம் எல்லோருக்கும் தெரியும்.

2018இல் ஒரு சர்க்கிட் போர்ட் வாங்கினேன். பிட்எக்ஸ் 40 என்று பெயர். ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் என்பவர் வடிவமைத்தது. 7 மெகாஹேர்ட்ஸில் ஏழு வொட் அளவில் பேசலாம். விலை உயர்ந்த ஜப்பான் பெட்டி வாங்க வசதி இல்லாதவர்களுக்காக, சாதாரண கடையில் கிடைக்கிற பாகங்களை வைத்தே அவர் யோசித்த வடிவம் அது. அதிலிருக்கும் சின்னச் சின்ன வளையச் சுருள்களை ஹைதராபாத்தில் பெண்கள் குழு ஒன்று கையால் சுற்றுகிறது என்று வாசித்து, அதை வாப்பாவுக்குக் காட்டினேன். வாப்பா நாற்பது வருடம் தறியில் இருந்தவர். கண்ணாடியை மூக்குக்குக் கீழே இறக்கி வைத்துப் பார்த்துவிட்டு, “சுத்து ஒழுங்கா இரிக்கி. தொழில் தெரிஞ்ச கை” என்றார்.

முதலில் கேட்க மட்டும்தான் பாவித்தேன், பரீட்சைக்கும் படித்துக்கொண்டிருந்தேன். சுபஹுக்குப் பிறகு தமிழ்நாட்டுக்காரர்கள் பேசுவார்கள். மழை, தேங்காய் விலை, புதிதாகக் கட்டிய அன்டெனா, முழங்கால் வலி. உலகத்தில் இதைவிட ஆபத்தில்லாத பேச்சைக் கேட்க முடியாது.

2019 ஏப்ரல் 21 வந்தது. அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை, எழுத வேண்டியவர்கள் எழுதிவிட்டார்கள். 26ஆம் திகதி இரவு சாய்ந்தமருதுச் சத்தம் எங்கள் ஊருக்குக் கேட்டது. மறுநாள் ஊரடங்கு. சுற்றிவளைப்பு வரும் என்று ஃபோனில் ஃபோனாகத் தகவல் வந்தது. என் வீட்டில் என்ன இருக்கிறது? கூரைக்கு மேலால் இருபது மீற்றர் கம்பி. மேசையில் வயர் தொங்கும் போர்ட், பற்றரி, ஈயம் உருக்கும் அயன், கையால் வரைந்த சர்க்கிட் படங்கள். பெயர் முஸ்லிம் பெயர். அதை ஒரு படித்த மனிதனுக்கு விளங்கப்படுத்த பத்து நிமிடம் வேண்டும். அந்த நாட்களில் யாரிடம் பத்து நிமிடம் இருந்தது?

இரவு மனைவி டோர்ச் பிடிக்க நான் கம்பியை இறக்கினேன். துண்டு துண்டாக வெட்டி அடுப்புக் கரிச் சாக்குக்குள் போட்டேன். படங்களை எரித்தேன். போர்டைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு பின்வளவுப் பாழ் கிணற்றில் போட்டேன். “ப்ளக்” என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். வாப்பா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் கேட்கவில்லை.

வந்தவர்கள் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள், அதையும் சொல்ல வேண்டும். ஒரு இளம் பையன் என் உயர்தரப் பௌதிகப் புத்தகத்தைப் புரட்டி, “சேர் சயன்ஸ் த?” என்று சிங்களத்தில் கேட்டான். ஓம் என்றேன். அவனும் உயர்தரத்தில் பௌதிகம் படித்தவனாம். போய்விட்டார்கள். போர்ட் மேசையிலேயே இருந்திருந்தால் அவன் ஆசையோடு பார்த்திருப்பானா, என்னை ஏற்றிக்கொண்டு போயிருப்பானா? இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அந்தக் கிணற்றுப் பக்கம் போகும்போதெல்லாம் இந்தக் கேள்வி வரும்.

பிறகு மூன்று வருடம் இந்தப் பக்கமே திரும்பவில்லை. திரும்ப வைத்தது எங்கள் ஊரில் ஃபோன் திருத்தும் தம்பி ஒருவன். அவனும், தபால் கந்தோரில் தந்தி அடித்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரும் சேர்ந்து பரீட்சைக்குப் படிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, வெட்கப்பட்டு நானும் சேர்ந்தேன். மூன்று பேரும் பாஸ். மோர்ஸ் விஷயத்தில் பெரியவர் எங்கள் இரண்டு பேருக்கும் வாத்தியார். முப்பது வருடம் அடிக்காத தந்தியை அவருடைய விரல் மறக்கவில்லை. கிளப் என்று சொன்னால் பெரிய கட்டடம் என்று நினைக்க வேண்டாம். மூன்று பேர், இரண்டு மாணவர்கள், என் வீட்டுத் திண்ணை, உம்மாவின் பிளேன்டீ.

கண்டிப் பக்கம் ஒரு சிங்களப் பெரியவர் தன் பழைய பெட்டியைக் குறைந்த விலைக்குத் தந்தார். எடுக்கப் போனபோது கிணற்றுக் கதையைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய், அலுமாரியிலிருந்து ஒரு பிட்எக்ஸ் போர்டைக் கொண்டுவந்து பெட்டிக்கு மேலே வைத்தார். “இதுக்குக் காசு வேண்டாம், கிணத்துக்குக் கிட்ட வைக்க வேண்டாம்” என்றார்.

இப்போது கம்பிக்கு வருகிறேன். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரியே சொல்கிறேன். ஒளியின் வேகத்தை மீடிறனால் வகுத்தால் அலைநீளம். 300ஐ 7.1ஆல் வகுத்தால் 42 மீற்றரும் கொஞ்சமும். அதில் பாதி 21. கம்பியில் அலை கொஞ்சம் சுணங்குவதால் நூற்றுக்கு ஐந்து குறைக்க வேண்டும், 20 மீற்றர் வரும். அதை நடுவில் வெட்டி, இரண்டு பக்கமும் பத்துப் பத்து மீற்றராக நீட்டி, நடுவிலிருந்து கேபிளை இறக்கினால் டைபோல் அன்டெனா. தரம் 10 பிள்ளைக்கு விளங்கும் கணக்கு. ஆனால் கட்டிப் பார்த்தால்தான் தெரியும், கணக்கு ஒரு பக்கம், தென்னை மரம் ஒரு பக்கம் என்று.

கம்பியை மரத்துக்கு மேலால் போடுவதே பெரும்பாடு. கெட்டபோலில் ஈயக் குண்டை வைத்து, அதில் தங்கூசியைக் கட்டி, மட்டைக்கு மேலால் அடிக்க வேண்டும். ஃபோன் தம்பி அடித்த முதல் குண்டு பக்கத்து வீட்டுத் தகரத்தில் விழுந்தது. இரண்டாவது மரத்திலேயே சிக்கி இன்றைக்கும் அங்கே தொங்குகிறது. மூன்றாவதைப் பெரியவர் வாங்கி அடித்தார். சரியாகப் போனது. சின்ன வயதில் மாங்காய்க்கு அடித்த கை என்றார்.

“முதலில் கூட வெட்டு, பிறகு குறை” என்பதுதான் விதி. வெட்டிய கம்பியை ஒட்ட முடியாது. ஒரு பக்கம் பத்தரை மீற்றர் வைத்தோம். நனோ விஎன்ஏ என்று கைக்குள் அடங்கும் அளவுகருவி இப்போது மலிவாகக் கிடைக்கிறது, கம்பி எந்த மீடிறனில் ஒத்திசைகிறது என்று படம் போட்டுக் காட்டும். முதல் அளவில் 6.8 காட்டியது. ஒவ்வொரு பக்கத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக 35 சென்ரிமீற்றர் குறைத்த பிறகு 7.05க்கு வந்தது. ஒவ்வொரு வெட்டுக்கும் இறக்கி ஏற்ற வேண்டும், அதனால் ஒரு சனிக்கிழமை முழுக்கப் போனது.

நடுவில் ஒரு ஃபெரைட் வளையம் இருக்கிறது. இரண்டு வயரையும் பக்கத்தோடு பக்கமாக 12 சுற்றுச் சுற்ற வேண்டும். இல்லாவிட்டால் கேபிளின் வெளிப்பக்கமும் அன்டெனாவாக மாறி வீட்டுக்குள் தொல்லை தரும். நான் சுற்றியதைப் பார்த்த வாப்பா, “தா இங்க” என்று வாங்கினார். வயது 78. கை நடுங்குகிறது, வயரைப் பிடித்தால் நடுக்கம் நின்றுவிடுகிறது. “இழைக்கு மேல இழை ஏறக் கூடாது. பாவு போடுறதப் போலதான்” என்றார். கடல் கொண்டுபோன தறிக்குப் பிறகு அவர் நூல் மாதிரி ஒன்றைத் தொட்டு ஒழுங்காகச் சுற்றியது அன்றைக்குத்தான். இப்போது கூரைக்கு மேலே தொங்கும் வெள்ளைப் பைப் துண்டுக்குள் இருப்பது அவருடைய சுற்று.

எங்கள் ஊரில் அன்டெனாவுக்குப் பெரிய எதிரி உப்புக் காற்று. மூன்று மாதத்தில் செம்பு பச்சை பிடித்துவிடும். கேபிளுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் போனால் கேபிள் முடிந்தது. இதற்கென்று விசேஷமான டேப் இருக்கிறதாம். நாங்கள் பழைய சைக்கிள் டியூபை நாடா நாடாக வெட்டி இழுத்துச் சுற்றி, மேலால் சாதாரண டேப் போட்டிருக்கிறோம். இரண்டு மாரி தாங்கிவிட்டது.

ஒரு சண்டையையும் சொல்ல வேண்டும். டைபோல் எட்டு மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இந்த மீடிறனுக்கு அது பணிவு. அதனால் அலை பெரும்பாலும் நேரே மேலே போய், அயன மண்டலத்தில் பட்டு, சுற்றிவரச் சில நூறு கிலோமீற்றருக்குள் மழை மாதிரி இறங்கும். பகலில் மலைக்கு அந்தப் பக்கம் கண்டிக்குப் பேச இதுதான் தேவை. ஃபோன் தம்பிக்குக் கண்டி போதாது, இந்தோனேசியா வேண்டும். நட்டமாக நிற்கும் கம்பிதான் தூரம் போகும் என்று ஒற்றைக் காலில் நின்றான். சரி, பரிசோதித்துப் பார்ப்போம் என்று, பொலிஸில் எழுத்தில் அறிவித்துவிட்டு, ஒரு பின்னேரம் கடற்கரையில் இரண்டு மூங்கிலை ஒன்றாகக் கட்டிப் பத்து மீற்றர் கம்பியை நட்டமாக நிறுத்தினோம். ஈர மணலில் நாலு பக்கமும் கம்பி விரித்தோம். மஃரிபுக்குப் பிறகு அவனுடைய கம்பியில் இந்தோனேசியக்காரர்கள் பக்கத்து வீட்டில் பேசுவது போலக் கேட்டார்கள். உப்புத் தண்ணீர் பக்கத்தில் இருப்பதன் நன்மை. ஆனால் அதே கம்பியில் கண்டிப் பெரியவரைக் கூப்பிட்டால் ஒன்றுமே இல்லை, இரைச்சல் மட்டும். என் கம்பியில் அவர் தெளிவு, இந்தோனேசியா மங்கல். இரண்டு பேரும் வென்றோம் என்று சொல்லிக்கொண்டோம். என் மனதுக்குள் நான்தான் வென்றேன். வெள்ளம் வந்து ஃபோன் செத்தால் எங்களுக்குத் தேவைப்படப்போவது கண்டியும் கொழும்பும்தான்.

அந்தக் கடற்கரைப் பின்னேரத்துக்குப் பிறகுதான் ஊரில் கதை தொடங்கியிருக்க வேண்டும்.

ஆகவே கேள்விகளுக்கு வருகிறேன். கதிர்வீச்சு வருமா? நான் அனுப்புவது பத்து வொட், உங்கள் குசினி பல்பு எரிக்கும் மின்சாரத்தின் அளவு. பேசும் நேரத்தில் கம்பியின் நுனியைத் தொட்டால் மட்டும் சுடும், அதனால்தான் நுனியைக் கைக்கு எட்டாத உயரத்தில் கட்டியிருக்கிறேன். டீவியைக் குழப்புமா? குழப்பினால் சொல்லுங்கள், என் பெட்டியை நிறுத்துகிறேன். உண்மையில் குழப்பம் மற்றப் பக்கமாகத்தான் வந்தது. ஒரு மாதமாக எனக்குக் கரகரவென்று இரைச்சல். பள்ளிவாசலில் புதிதாகப் போட்ட பல்புகள்தான் என்று முடிவுகட்டி, நிர்வாகத்திடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். சின்ன ட்ரான்சிஸ்டர் ரேடியோவைக் கையில் பிடித்துக்கொண்டு ஒழுங்கையெல்லாம் நடந்து தேடினேன். கடைசியில் பார்த்தால் என் மகளின் மலிவு ஃபோன் சார்ஜர். பள்ளிவாசல் மேல் சந்தேகப்பட்டதற்கு அல்லாஹ் மன்னிக்கட்டும்.

இரகசியமாகப் பேசுகிறார்களா? இதுதான் முக்கியமான கேள்வி, யாரும் நேரே கேட்காத கேள்வியும் இதுதான். அமெச்சூர் ரேடியோவில் மறைமொழியில் பேசக் கூடாது, சர்வதேச விதியே அப்படி. நான் பேசும் ஒவ்வொரு சொல்லையும் பொருத்தமான சிற்றலை ரேடியோ வைத்திருக்கும் எவரும் கேட்கலாம், இங்கேயும் கேட்கலாம், ஜகார்த்தாவிலும் கேட்கலாம். ஒவ்வொரு தடவையும் என் அழைப்புக்குறியைச் சொல்ல வேண்டும். நீங்கள் வைத்திருக்கும் வாட்ஸ்அப்பில்தான் மூன்றாம் ஆள் கேட்க முடியாது.

இந்த நாட்டில் ரேடியோவே இப்படிப் பரிசோதனையில்தான் பிறந்தது. தந்தித் திணைக்களத்துப் பொறியியலாளர் எட்வர்ட் ஹாப்பர், பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் கருவியைக் கழற்றி ஒலிபரப்பி ஒட்டுப்போட்டு, 1925 டிசம்பர் 16இல் கொழும்பு ரேடியோவைத் தொடங்கினார். அதுவும் ஒருவர் கம்பி கட்டப் போய் வந்ததுதான். பரீட்சைக்கு வராது பிள்ளைகளே, ஆனாலும் தெரிந்து வைத்திருங்கள்.

வெள்ளிக்கிழமை கேட்டவர் சனிக்கிழமை காலை மகனையும் கூட்டிக்கொண்டு வந்தார். கதிரையில் நுனியில்தான் உட்கார்ந்தார். பெட்டியைப் போட்டேன். தூத்துக்குடிப் பக்கத்து ஒருவர் கண்டிக்காரரோடு இங்கிலீசில் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நான் இடையில் அழைப்புக்குறி சொன்னதும் தமிழுக்கு மாறி, “மருதமுனையா? வணக்கம் சார், நல்லா வருது உங்க சிக்னல்” என்றார். கேட்க வந்தவர் என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். “அவருக்கு நம்மட ஊர் தெரியுமா?” என்று கேட்டார். தெரியும், போன மாதம் நம்மட சாரத்தைப் பற்றி விசாரித்தார் என்றேன். மகன் அதற்குள் மேசைக்குக் கிட்ட வந்து எந்தக் குமிழ் எதற்கு என்று கேட்கத் தொடங்கிவிட்டான். போகும்போது அவர் வாசலில் நின்று மேலே பார்த்து, “அந்தப் பக்கக் கயிறு தேஞ்சிரிக்கி சேர். என்னட்ட தோணிக் கயிறு இரிக்கி, கொண்டாறன்” என்றார். நேற்றுக் கொண்டுவந்து கட்டியும் தந்தார்.

சனி, ஞாயிறு காலை ஏழிலிருந்து ஒன்பது வரை கேற் திறந்திருக்கும், இன்ஷா அல்லாஹ். யாரும் வரலாம், பெண் பிள்ளைகளும் உம்மாவோடு வரலாம், என் மனைவி இருப்பா. அனுமதிப்பத்திரம் இல்லாமல் பேச முடியாது, ஆனால் எவ்வளவு நேரமும் கேட்கலாம். லைசன்ஸ் சுவரில் மாட்டியிருக்கிறது, வாசித்துப் பாருங்கள். இடி முழங்கினால் மட்டும் வர வேண்டாம், கேபிளைக் கழற்றி வைத்திருப்பேன். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருபவர்கள் பின்வளவுக் கிணற்றுப் பக்கம் விட வேண்டாம், கட்டு உடைந்திருக்கிறது.